அடைகோழி

மாமா அத்தையை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. புயல் பாதை மாறி நேராக ஊரைப் பார்த்து வருகிறது, பாலத்தைத் தாண்டி மேட்டுப் பகுதிக்குப் போகக்கூடியவர்கள் இப்போதே போய்விடுங்கள் என்று காலையிலிருந்து ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. அத்தை குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். அன்று அவளுடைய முறை முடிந்திருந்தது. மாமா காரில் வந்து நிலையத்தின் கேட்டில் அவளை ஏற்றிக்கொள்வதாகப் பேச்சு.

கார் வந்தது. முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் அவருடைய சிநேகிதர் பல் டாக்டர், மடியில் இரண்டு கேமராப் பைகளோடு. பின்சீட்டில் மாமாவின் டெலஸ்கோப். அதை நீட்டிப் படுக்கவைத்து, போர்வை போர்த்தி, உருளாமல் இருக்க சீட் பெல்ட்டும் போட்டிருந்தது. அதன் காலடியில் ஸ்டாண்ட், குடைகள், டாக்டரின் பெட்டி.

"இடம் இல்லையேம்மா," என்றார் மாமா. "டாக்டரை அவர் மேட்டு வீட்டுல இறக்கிட்டு, சாமானையும் வெச்சுட்டு, இதோ வந்துடறேன்."

"அதைத் தூக்கி டிக்கியில வைங்க."

"டிக்கி அதிரும். உள்ள லென்ஸ் எல்லாம் ஆட்டம் கண்டுடும்."

"எனக்கு ஆட்டம் காணாதா?"

டாக்டர் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அந்த இரண்டு சிரிப்பையும் அத்தை இன்றைக்கும் தனித்தனியாக நடித்துக் காட்டுவாள். டாக்டர் மூக்கால் சிரிப்பவர், மாமா தோளால் சிரிப்பவர். "இதோ வந்துடறேன்" என்று மறுபடி சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மாமா போனார். அவர் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் காற்று ஏறிவிட்டது, பாலத்தை மூடிவிட்டார்கள். திரும்பி வர முயற்சி செய்ததாகவும் தடுப்பைப் பார்த்துவிட்டுப் போனதாகவும் மாமா சொல்வார். "தடுப்பைப் பார்த்தாராம். நல்ல பார்வைதான்," என்பாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் கடைசித் தங்கை. ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்து விழும் இடத்திலிருந்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து குழாய்க்கு அனுப்பும் வரை எல்லாம் அவள் கண்காணிப்பு. விரலிலிருந்து குளோரின் வாடை போகாது. அவள் தலையைத் தடவினால் நீச்சல் குளத்தில் முங்கி எழுந்த மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் அவளைப் பற்றி ஒரே கேலிதான்: "ஊருக்கே தண்ணி காட்டுறவ."

மறதி என்பது அவளுக்குக் கிடையாது. எப்போதோ அவள் சட்டையைக் கைப்பக்கம் இறுக்கித் தைத்துவிட்ட தையல்காரர் ஒருவர் இருந்தார். அவர் கடையை மூடி, அந்த இடத்தில் மருந்துக்கடை வந்து, அதுவும் மூடியாயிற்று. அத்தை இன்னமும் அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறித்தான் நடப்பாள்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் மொட்டைமாடி இயந்திர அறைகளில் வேலை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் பருந்துகளைப் பார்க்க ஆரம்பித்து, அதுவே பைத்தியமாகிவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்தின் பெரிய படிவுத் தொட்டிகளில் கொக்கு, நாரை, வாத்து எல்லாம் இறங்கும் என்று கேள்விப்பட்டு, உள்ளே விடச் சொல்லி ஞாயிறு தவறாமல் கேட்டுக்கு வந்து நிற்பார். அத்தை திறந்துவிடுவாள். "என்னைப் பார்க்க வர்றார்னு நினைச்சேன்டீ. கல்யாணம் ஆனப்புறம்தான் தெரிஞ்சுது, நாரையைத்தான் பார்க்க வந்திருக்கார்னு."

ஆனாலும் அவளுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. மாமா தேடிப் போய்ப் பார்ப்பவர். அவள் வேலையோடு வேலையாகப் பார்ப்பவள். எந்தத் தொட்டியின் சுவரில் எந்தக் கொக்கு உட்காரும், எது எதனோடு சண்டைக்கு நிற்கும் என்பதெல்லாம் அக்கம்பக்கத்து வீட்டு விவகாரம் போலத் தெரியும்.

மாமாவுக்கு ஒரு பறவைக் குழு இருந்தது. மாமாதான் தலைவர் மாதிரி. போனில் அதற்கென்று இருந்த குழுவில் அத்தையையும் சேர்த்துவிட்டிருந்தார். அந்தக் குழுவில் ஒரே சட்டம்: அரிதாக எதையாவது பார்த்தால் உடனே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் தனக்கென்று வைத்துக்கொள்பவனுக்கு மாமா வைத்த பெயர் 'அடைகோழி'. முட்டை மேல் உட்கார்ந்துகொண்டு யாரையும் கிட்ட விடாத கோழி. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் ஆந்தைக் கூடு ஒன்றைக் கண்டுபிடித்தார். கூட்டம் கூடினால் ஆந்தை குஞ்சை விட்டுவிட்டு ஓடிவிடும் என்று குஞ்சு பறக்கும் வரை மூச்சு விடவில்லை. மாமா எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து 'கொக் கொக்' என்று கத்திக் காட்டிக் குழுவை விட்டு நீக்கினார். வாத்தியார் அதன் பிறகு பைனாகுலரைத் தொடவில்லை என்று கேள்வி.

மாமா காலம் முழுக்கப் பார்க்க ஏங்கியது ஒரு பறவையைத்தான். நடுக்கடலில் வாழ்வது. உடம்பு முழுக்க வெள்ளை, வால் மட்டும் உடம்பைவிட நீளமாக இரண்டு நாடா போலப் பின்னால் நெளியும். குழுவில் அதை நாடாவாலி என்பார்கள். படுக்கையறை அலமாரிக் கதவின் உள்பக்கம் மாமா அதன் படத்தை ஒட்டியிருந்தார். துணி எடுக்கக் கதவைத் திறந்தால் அத்தை அதன் முகத்தில்தான் முழிக்க வேண்டும். பெரிய புயல் வந்தால் அது காற்றில் மாட்டி ஊருக்குள் வந்து விழும். அதன் கால் நடப்பதற்கானது இல்லை, தரையில் விழுந்தால் எழும்பாது, கொண்டுபோய்க் கடலில் விட்டால்தான் பிழைக்கும். இதையெல்லாம் அத்தை புத்தகத்தில் படிக்கவில்லை. சாப்பிடும்போது மாமா சொல்லிச் சொல்லிக் காது புளித்திருந்தது.

புயலுக்கு முந்தின நாளே தொட்டிச் சுவர்கள் காலியாகிவிட்டன. கொக்கு ஒன்றுகூட இல்லை. தகைவிலான் குருவிகள் மட்டும் தண்ணீரை உரசிக்கொண்டு ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. அத்தை மாமாவிடம் சொன்னபோது அவர் கையைத் தேய்த்துக்கொண்டாராம். "போறது போகட்டும். வர்றது எதுன்னு பாரு." டாக்டரின் மேட்டு வீட்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை. அங்கிருந்து முழு வளைகுடாவும் தெரியும்.

புயலை அத்தை பம்ப் அறையில் கழித்தாள். கூட இருந்தது நிலையத்துக்கு குளோரின் சிலிண்டர் கொண்டுவரும் லாரி டிரைவர். அவரை எல்லோரும் 'குளோரின்' என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்ட் போனது, ஜன்னல் போனது, முழங்கால் வரை தண்ணீர் வந்தது. மோட்டாருக்குள் தண்ணீர் ஏறாமல் இருக்க இரண்டு பேரும் மணல் மூட்டை அடுக்கினார்கள். நடுவில் குளோரின், "அக்கா, பயமா இருக்கா?" என்று கேட்டாராம். "பயம் எங்க? கோபத்துல அதுக்கு இடமே இல்ல," என்றாளாம் அத்தை.

காற்று ஓய்ந்து வெளியே வந்தபோது மரங்களில் இலை இல்லை. காக்கைக் கூடுகள் எல்லாம் அம்மணமாகத் தெரிந்தன. கிளிகள் தரையில் நடந்துகொண்டிருந்தன. ஆபீஸ் அறையில் இன்ஜினியர் நாற்காலியின் முதுகில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்து இவர்களை முறைத்தது. அத்தை குழாய்களைச் சோதித்தபடி வரிசையாகப் போனாள். சுத்தம் செய்வதற்காகத் தண்ணீரை இறக்கிவைத்திருந்த ஒரு வடிகட்டித் தொட்டியின் மணலில் வெள்ளையாக ஏதோ கிடந்தது.

"பாலித்தீன் பை அக்கா," என்று குளோரின் இறங்கி எடுக்கப் போனார். பை அவர் கட்டைவிரலைக் கடித்தது.

அலமாரிக் கதவைத் திறந்த மாதிரி இருந்ததாம் அத்தைக்கு. அதே முகம். கண்ணுக்கு மை இட்ட மாதிரி அதே கறுப்புக் கோடு.

முதல் காரியமாக அவள் போனை எடுத்திருக்கிறாள், மாமாவுக்குச் சொல்ல. இதை அவள் மறைப்பதில்லை. "பழக்கதோஷம். டவர் விழுந்து கிடந்தது, அதனால தப்பிச்சேன். இல்லேன்னா சொல்லித் தொலைச்சிருப்பேன்." பறவையைச் சாமான் அறையில், ஃபில்டர் வந்த ஒரு காலி அட்டைப்பெட்டியில் வைத்தார்கள். குளோரின் எங்கோ போய் மீன் வாங்கி வந்தார். முதலில் மறுத்தது, பிறகு தின்றது. கடற்கரைச் சாலை மரம் விழுந்து அடைபட்டிருந்ததால் உடனே கொண்டுபோய் விடவும் வழியில்லை.

டவர் வந்ததும் போன் நிற்காமல் அதிர்ந்தது. "எங்கே இருக்கே, பதில் சொல்லு" என்று என் அப்பா. "உங்க வீட்டுக் கூரை எங்க தெருவுல கிடக்கு" என்று யாரோ ஒருவர். மாமாவிடமிருந்து ஒன்று:

"தொட்டியில ஏதாவது இறங்கியிருக்கா? நாடாவாலி வர வாய்ப்பு இருக்கு. ஆளுங்களைக் கிட்ட விடாதே. பாலம் திறந்ததும் வர்றேன்."

அதற்கு மேலேயோ கீழேயோ 'உயிரோடு இருக்கியா' என்று ஒரு வரி இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறாள். இல்லை. அங்கேயே நின்று பதில் அடித்தாள்: "ஒண்ணும் இல்லை."

குளோரினுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "அண்ணன் இதுக்காகத்தானே அக்கா காலம் பூரா..."

"யாருக்கு அண்ணன்?"

"சரி. அப்போ நாம அடைகோழியா?"

"ஆமா. கொக்கரிக்காம உக்காரு."

பாலம் திறந்த அன்றே மாமா வந்துவிட்டார். வீட்டுக்குப் போகவில்லை, நேராக கேட்டுக்குத்தான். தோளில் டெலஸ்கோப், பின்னால் குடையோடு டாக்டர். அத்தை கேட்டின் உள்பக்கம் வந்து நின்றாள். பூட்டைத் தொடவில்லை.

"அடையாள அட்டை இருக்கா சார்?"

மாமா சிரித்தார், தோளால். "ஏய், விளையாடாதே. திற."

"'ஏய்'ங்கற பேர்ல இங்க யாரும் வேலை செய்யல சார். வெளியாளுங்களுக்கு அனுமதி இல்ல."

"நான் வெளியாளா?"

"உள்ள இருந்தவங்களை எல்லாம் எனக்குத் தெரியும் சார். தண்ணி முழங்கால் வரைக்கும் வந்தப்போ பக்கத்துலதான் நின்னாங்க. அதுல உங்களைப் பார்த்த ஞாபகம் இல்ல."

டாக்டர் நடுவில் வந்தார். "தங்கச்சி, குடும்ப விஷயத்தை வீட்டுல பேசிக்கலாமே."

"எந்த வீட்டுல டாக்டர்? கூரை பக்கத்துத் தெருவுல கிடக்காம். அங்க போய் உக்காந்து பேசுங்க."

மாமா கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் குரலை இறக்கி, "நிஜமாவே ஒண்ணும் வரலையா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் மட்டும்தான் அவர் குரல் உண்மையாக நடுங்கியது என்கிறாள் அத்தை. கொஞ்சம் பாவமாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்தது. எனக்காக நடுங்கியிருந்தா கதவையே பிடுங்கிப் போட்டிருப்பேன்."

மாமா விடவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மண்மேடு. அதில் ஸ்டாண்டைப் போட்டுத் தொட்டிச் சுவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த நாளும் வந்தார். டாக்டர் ஒரு நாளோடு கழன்றுகொண்டார். கன்ட்ரோல் அறை ஜன்னலிலிருந்து அத்தை தன் பழைய பைனாகுலரில் மாமாவைப் பார்ப்பாள். எப்போது உட்காருகிறார், எப்போது தண்ணீர் குடிக்கிறார், எந்தக் காலை மாற்றி எந்தக் காலில் நிற்கிறார் என்று. "இவ்வளவு நாளா அவர் பறவை பார்த்தார்ல. நான் அவரைப் பார்த்தேன். தனியா நிக்கிற இனம், தன் இரையைத் தவிர எதுவும் கண்ணுல படாது."

கடற்கரைச் சாலை சரியான மதியம், அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தை லாரியின் முன்சீட்டில் ஏறினாள். கேட்டைத் தாண்டியதும் வண்டி நின்றது. மேடு சகதியாகிவிட்டதால் மாமா அன்று ஸ்டாண்டைச் சாலையிலேயே போட்டிருந்தார். குளோரின் ஹாரன் அடித்தார். மாமா தலையைத் திருப்பாமல் கையை ஆட்டினார். மறுபடி ஹாரன். எரிச்சலோடு நிமிர்ந்தவர் அத்தையைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"எங்க போறே?"

"வேலையா போறேன் சார்."

"என்ன அது மடியில?"

"ஃபில்டர்."

பெட்டிக்கும் அவர் மூக்குக்கும் நடுவில் லாரிக் கதவு மட்டும்தான். உள்ளே இருந்தது அசையவில்லை. குளோரின் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்காவது உள்ள விடுவியா? வெளிச்சம் நல்லா இருக்கு."

"வண்டிக்கு வழி விடுங்க சார். இதோ வந்துடறேன்."

மாமா போய், லென்ஸ் அதிராமல் பதவிசாக ஸ்டாண்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். லாரி போனது. அடுத்த திருப்பம் வரை அடக்கிக்கொண்டிருந்து, அதன்பிறகு இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார்கள். வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டதாம்.

உடைந்து கிடந்த படகுத்துறையின் கடைசிக் கல்லில் நின்று அத்தை பறவையைக் கையில் எடுத்தாள். அதுவும் நன்றியாக ஒரு கடி கடித்தது. மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தண்ணீருக்கு மேல் கையை நீட்டித் திறந்தாள். முதலில் விழுந்தது, அலையோடு மிதந்தது. பிறகு எழும்பி, வாலை இழுத்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் போனது. குளோரின் இரண்டு படம் எடுத்தார். ஒன்றில் அது வானத்தில். இன்னொன்றில் அத்தை கையில். அவள் சீருடை, காலடியில் வாய் திறந்த ஃபில்டர் பெட்டி.

அதன் பிறகு அத்தையும் மாமாவும் ஒரே கூரையின் கீழ் இருக்கவில்லை. புதுக் கூரை போட்ட வீட்டில் மாமா கொஞ்ச நாள் தனியாக இருந்துவிட்டு, வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். அத்தை நிலையத்தின் குடியிருப்புக்கு மாறிவிட்டாள். படத்தை யாருக்கும் காட்டவில்லை.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து அவளோடு தங்கியபோதுதான் இதெல்லாம் வெளியே வந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அவருக்குத் தெரியவே தெரியாம இருந்தா அது என்ன பழிவாங்கல் அத்தை?"

"தெரியாத வரைக்கும் தேடுவார்ல. தேடட்டும்."

அப்படியே விட்டிருப்பாள். மாமாதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒரு பெண், அந்தப் பெரும்புயலுக்கு நம் பக்கம் கடல் பறவை எதுவும் வந்ததா என்று கேட்டிருந்தாள். மாமா குரல் பதிவில் பதில் சொன்னார்: "ஒண்ணும் ஒதுங்கலை. தொட்டிக்கு எதிர்ல நானே நின்னு பார்த்தேன். என் கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் வந்திருக்காது."

அத்தை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. "ஒண்ணும் ஒதுங்கலையாம். அப்போ என் கையைக் கடிச்சது யாரு, பல் டாக்டரா?"

வானத்தில் பறக்கும் படத்தை அனுப்பலாம், அதில் வால் அழகாக வந்திருக்கிறது என்றேன். "வால் எதுக்கு? பெட்டி தெரியணும்," என்று அடுத்த படத்தைத் தேர்ந்தெடுத்தாள். எந்த இடம், எந்த நாள் என்று குழு வழக்கப்படி எழுதினாள். அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: "அன்று ஸ்டாண்டை நகர்த்தி வண்டிக்கு வழி விட்ட சாருக்கு நன்றி."

குழு கொதித்தது. எங்கே, எப்படி, ஏன் சொல்லவில்லை என்று கேள்விகள். டாக்டர் அடைகோழி அடைகோழி என்று மூன்று முறை எழுதிவிட்டு அத்தையைக் குழுவிலிருந்து நீக்கினார். "டாக்டர் என்னைப் பிடுங்கிப் போட்டுட்டார். வலிக்கவே இல்ல," என்றாள். அன்று அவள் நடையே வேறாக இருந்தது. சமையலறைக்கும் வாசலுக்கும் காரணமில்லாமல் நடந்தாள். குளோரினைப் போனில் கூப்பிட்டு, மாமா ஸ்டாண்டைத் தூக்கிய விதத்தை மறுபடி ஒருமுறை சொல்ல வைத்தாள்.

மாமா படத்தைப் பார்த்துவிட்டார் என்று போன் காட்டியது. அவ்வளவுதான். பதில் இல்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்து அத்தை வசனங்களைத் தயார் செய்து வைத்திருந்தாள்; டெலஸ்கோப்பில் ஆரம்பித்து, அந்தத் தோள் சிரிப்பு வரை. தொட்டிச் சுவரில் நடக்கும்போது உதடு அசைவதைப் பார்த்திருக்கிறேன். நாளாக ஆக, போன் அதிர்ந்தாலும் உடனே எடுக்காத மாதிரி நடிக்க ஆரம்பித்தாள். பிறகு நடிக்கவும் இல்லை. "அந்தாளுக்குத் திட்டக்கூட நேரம் இல்ல பாரு," என்றாள் ஒருநாள், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

நான் மறுபடி கிளம்பினேன். வேறொரு ஊரில் வேலை, அதுவும் நிலைக்கவில்லை. திரும்பி வந்து சில வாரம் ஆகியிருந்தது. ஒரு மதியம் அத்தை மணல் ஒட்டிய கையோடு தொட்டிப் பக்கமிருந்து வேகமாக வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மாமாவிடமிருந்து.

"இந்த மனுஷன் இவ்வளவு காலம் கழிச்சு என்ன கேட்கறார்னு நீயே படி," என்றாள். படித்தேன்.

"அந்த ஃபில்டர் பெட்டி நீளம் பத்தாதே. அவ்வளவு பெரிய வாலை எப்படி உள்ள வெச்சே? மடக்கலையே?"